அடிமனைக்காரர் கையெழுத்து

ஓய்வூதியக்காரர்கள் வருடத்துக்கு ஒரு முறை நேரில் போய், இன்னும் உயிரோடுதான் இருக்கிறோம் என்று காட்டிக்கொள்ள வேண்டும். அதற்காகப் போன மாதம் என் பழைய அலுவலகத்துக்குப் போயிருந்தேன். அங்கே ஒரு இளம் பொறியாளர், நெசவாளர் தெருவிலிருந்து வந்த ஒரு மனுவைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார். மாடியில் சூரிய மின்தகடு பதிக்க மனு. கூரை தாங்கும் என்பதற்குச் சான்று, வருகிற மின்சாரத்தையும் போகிற மின்சாரத்தையும் அளக்கிற மீட்டருக்குத் தனி விண்ணப்பம், தகடு விற்றவரின் உத்தரவாதம் எல்லாம் ஒழுங்காக இருந்தன. ஒரு தாள் மட்டும் இல்லை. வீடு அவர்களுடையது, வீடு நிற்கிற மனை அவர்களுடையது இல்லை. அடிமனைக்காரரின் சம்மதக் கடிதம் வேண்டும் என்றார். மனு கொண்டுவந்த புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு எழுந்து போனார்கள்.

அவர்கள் போனதும் பொறியாளர் என் பக்கம் திரும்பி, "உங்க காலத்துல இந்தத் தொல்லையெல்லாம் இருந்திருக்காது இல்ல சார். ஒரு பாரம், ஒரு கம்பி, ஒரு பல்பு, முடிஞ்சுது வேலை" என்றார். எனக்கு வந்த கோபத்தில் வரவழைத்த டீயைக்கூடக் குடிக்காமல் வெளியே வந்துவிட்டேன். பையன் நல்லவர்தான். மறுநாள் வீடு தேடி வந்து, "எதனா தப்பா பேசிட்டேனா சார்? எழுதியாவது குடுங்க, சங்க மலர்ல போடறோம்" என்றார். எழுதுகிறேன். போடுவதும் போடாததும் அவர்கள் பாடு.

எனக்குச் சொந்த ஊர் தாமல். ஏரி நிரம்பினால் சாப்பாடு, நிரம்பாவிட்டால் வாலாஜாபாத் ரைஸ் மில்லில் கூலி என்று இருந்த குடும்பம். தொழிற்பயிற்சி முடித்து, அறுபதுகளின் நடுவில் காஞ்சிபுரத்தில் ஹெல்பராகச் சேர்ந்தேன். மூன்று வருடம் ஏணி தூக்கினேன். பிறகு ஏணியில் ஏற விட்டார்கள். அதற்கப்புறம் வயர்மேன் ஆனேன். பயிற்சி என்று சொல்ல வேறொன்றும் இல்லை. அடி வாங்கியவர்களைப் பார்த்து நாங்கள் அடி வாங்காமல் இருக்கக் கற்றுக்கொண்டோம்.

ஒன்றை மட்டும் சொல்லிவிட வேண்டும். பெருமாள் கோயில் திருவிழாவுக்குக் குடையும் தேரும் வருகிற வீதிகளில், தெருவுக்குக் குறுக்கே போகிற சர்வீஸ் கம்பிகளை எல்லாம் நாங்கள் காலையிலேயே இறக்கிவிடுவோம். சாமி போனதும் மறுபடி ஏற்றிக் கட்டுவோம். ஒரு வீதியில் நாற்பது ஐம்பது வீட்டுக் கம்பி. இதற்கு மனு கிடையாது, பாரம் கிடையாது, யார் சம்மதமும் கிடையாது. கோயில் மணியக்காரர் ஆள் அனுப்பினால் போதும், அரை நாளில் வேலை முடியும். சாமி போகட்டும், நானும் கும்பிடுகிறவன்தான். ஆனால் கம்பியை இறக்கி ஏற்றுவது எங்களுக்கு எத்தனை சுலபம் என்பதைத் தெரிந்துகொண்டு மேலே படியுங்கள்.

ஒரு வீட்டுக்கு மின்சாரம் வருவது அப்போது சின்ன விஷயம் இல்லை. முதலில் மனு. மனுவோடு வீட்டு வரி ரசீது, மனை உரிமைக்குச் சான்று, மனை வேறொருவருடையது என்றால் அவருடைய சம்மதக் கடிதம். பிறகு உரிமம் பெற்ற காண்டிராக்டரை வைத்து வீட்டுக்குள் வயரிங் செய்ய வேண்டும். சுவரில் தேக்கு ரீப்பர் அடித்து, அதன்மேல் வயரைப் படுக்க வைத்து, நான்கு விரல் இடைவெளிக்கு ஒரு கிளிப். கிளிப் கோணலாக இருந்தால் நான் கழற்றச் சொல்வேன். வாசல் ஓரம் ஆள் உயரத்துக்கு மேல் குழி தோண்டி, எர்த் குழாய் இறக்கி, அடுக்கடுக்காகக் கரியும் உப்பும் போட்டு மூட வேண்டும். "ஊறுகாய் போடறீங்களா வயர்மேன் சார்" என்று தெருப் பெண்கள் கேலி செய்வார்கள். எல்லாம் முடிந்ததும் காண்டிராக்டர் டெஸ்ட் ரிப்போர்ட் கொடுப்பார். நான் மெக்கர் பெட்டியோடு போய்க் கைப்பிடியைச் சுற்றி, கசிவு இருக்கிறதா என்று ஒவ்வொரு அறையாகப் பார்ப்பேன். அதற்குப் பிறகுதான் கம்பத்திலிருந்து கம்பி, மீட்டர், சீல்.

நெசவாளர் வீட்டில் நான் கூடுதலாகப் பயப்படுவேன். காரணம் தறிக்குழி. நெய்கிறவர் தரை மட்டத்தில் உட்கார்ந்து, குழிக்குள் காலை விட்டு மிதியை மிதிக்கிறார். வெறுங்கால், ஈர மண். நீளவாக்கில் ஓடுகிற பாவு நூல் விறைத்துப்போகாமல் இருக்கப் பக்கத்தில் தண்ணீர்ச் சட்டி வேறு. விளக்கோ அவர் நெற்றிக்கு நேராக, கைக்கு எட்டுகிற உயரத்தில் தொங்க வேண்டும். இல்லாவிட்டால் ஜரிகை இழை தெரியாது. ஓட்டு வீட்டுக்குள் சன்னலே இருக்காது, பகல் பதினோரு மணிக்கும் விளக்கு வேண்டும். ஈரத்தில் காலும் விளக்கில் கையுமாக இருக்கிற மனிதனுக்கு நல்ல வயரிங் கொடுக்க வேண்டும் என்பது எனக்கு வெறி மாதிரியே இருந்தது. பித்தளை ஹோல்டரைப் பார்த்தால் கழற்றி எறியச் சொல்வேன். கருப்பு பேக்கலைட் ஹோல்டர்தான் போட வேண்டும்.

இனி எங்கள் அதிகாரி. சபாபதி சார் என்று பெயர் வைத்துக்கொள்கிறேன், அசல் பெயர் வேண்டாம். வெளியூர்க்காரர். லஞ்சம் வாங்காதவர், குரல் உயர்த்தாதவர். என்னைப் போன்ற வயர்மேனையும் வாங்க போங்க என்றுதான் கூப்பிடுவார். மனு வந்தால் முதலில் அதன் விளிம்புகளை மேசையில் இரண்டு தட்டு தட்டிச் சமமாக்குவார். குண்டூசியைக் கழற்றிக் கிண்ணத்தில் போடுவார். கடைசிப் பக்கத்திலிருந்து முதல் பக்கத்துக்குப் படித்துக்கொண்டு வருவார். ஒரு முனை சிவப்பும் ஒரு முனை நீலமுமான பென்சில் அவரிடம் உண்டு. நீல முனையால் ஓரத்தில் ஒரு சின்னக் கோடு போட்டால் ஏதோ குறை என்று அர்த்தம். என்ன குறை என்று எழுத மாட்டார். எதிரில் நிற்கிற ஆளைப் பார்த்து, "உட்காருங்க" என்பார். உட்கார அங்கே நாற்காலி கிடையாது. "பரிசீலனையில இருக்குது, பார்க்கலாம்" என்பார். முடியாது என்று அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதே இல்லை. முடியாது என்று சொல்லியிருந்தால் எத்தனையோ பேர் வேறு வழி தேடிப் போயிருப்பார்கள்.

எழுபதுகளின் தொடக்கத்தில் கன்னியப்பன் வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும், இரண்டு தறிக்காரர். ஒன்றில் அவர், இன்னொன்றில் அவர் மனைவி நாகம்மாவின் தம்பி. நாகம்மா தறியில் உட்காராவிட்டாலும் தெரு முழுக்க அவருக்கு வேலை உண்டு. ஒரு பாவு நெய்து முடிந்ததும், தறியிலேயே விட்டு வைத்திருக்கிற பழைய இழைகளின் நுனியோடு புதுப் பாவின் இழைகளை ஒன்றோடொன்று சேர்த்துத் திரித்துப் பிணைக்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழை. விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு பிணைப்பார்கள். அதில் நாகம்மாவை மிஞ்ச ஆள் இல்லை என்று சொல்வார்கள். முடிச்சு இருக்காது, தடவிப் பார்த்தாலும் தெரியாது.

கன்னியப்பனின் கஷ்டம் இதுதான். பட்டும் ஜரிகையும் கொடுக்கிற முதலாளி, மண்ணெண்ணெய் விளக்கின் புகை படிந்து ஒரு வெளிர் நிறப் புடவை கறுத்துப் போனதிலிருந்து, கரண்ட்டு இல்லாத வீட்டுக்கு இனிக் கல்யாணப் பாவு கிடையாது என்று சொல்லிவிட்டார். சாதாரணப் பாவுதான் தருவேன், அதுவும் அடுத்த வருடம் வரைக்கும்தான் என்றாராம். அதாவது ஒரு வருடத்துக்குள் மின்சாரம் வராவிட்டால் இரண்டு தறியும் சும்மா கிடக்கும், குடும்பம் வேறு வேலை தேட வேண்டும்.

வீட்டைக் கட்டியவர் கன்னியப்பனின் தகப்பனார். வரி கட்டுவது கன்னியப்பன். ஆனால் அந்தத் தெருவில் அவர் வீடு வரைக்கும் உள்ள மனைகள் ஒரு பழைய அறக்கட்டளைக்குச் சொந்தம். அவர் வீட்டு மேற்குச் சுவரோடு கட்டளை மனை முடிகிறது. சுவருக்கு அந்தப் பக்கம் எத்திராஜ் என்ற நெசவாளர் வீடு. அது பட்டா நிலம், அங்கே ஆறு வருடமாக மின்சாரம் எரிகிறது. ஒன்பது அங்குலச் சுவருக்கு அந்தப் பக்கம் வெளிச்சம், இந்தப் பக்கம் புகை.

காண்டிராக்டர் கன்னியப்பன் வீட்டுக்குச் செய்த வயரிங்கை நான்தான் சோதித்தேன். குறை சொல்ல ஒன்றுமில்லை. தறிகளுக்கு மேல் பேக்கலைட் ஹோல்டர், கரியும் உப்பும் சரியாகப் போட்ட எர்த். சோதித்த வீட்டின் மெயின் சுவிட்சைக் கம்பியால் கட்டி ஈய சீல் வைக்க வேண்டும் என்பது சபாபதி சாரின் ஏற்பாடு. விதியில் அப்படி ஒன்றும் இல்லை, அவருக்கு அதில் ஒரு திருப்தி. நான் சீல் வைத்து அழுத்திவிட்டு, "இத உடைச்சீங்கன்னா ஜெயில்தான், ஞாபகம் வச்சிக்கோங்க" என்றேன். எல்லா வீட்டிலும் விளையாட்டாகச் சொல்கிற வார்த்தைதான்.

பாக்கி இருந்தது அடிமனைக்காரரின் சம்மதம் ஒன்றுதான். கன்னியப்பன் நான்கு முறை தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு, ஐந்தாம் முறை என்னைக் கூட்டிக்கொண்டு போனார். சர்க்கார் ஆள் கூட வந்தால் எடுபடும் என்று நினைத்திருக்கிறார். கட்டளையின் சொத்தைப் பார்த்துக்கொள்கிற மணியக்காரர் ஊஞ்சலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

"ஏம்பா, கையெழுத்துன்னா சும்மாவா? இன்னிக்கு கரண்ட்டுக்குப் போட்டுட்டா, நாளைக்கு அந்தக் காகிதத்தக் காட்டி மனையே என்னுதுன்னு கோர்ட்டுல நிப்ப."

"நாங்க ஏன் சாமி கோர்ட்டுக்குப் போறோம். வெளக்கு எரியணும், அவ்ளோதான்" என்றார் கன்னியப்பன்.

"நீ போவமாட்ட. உன் புள்ள போவான்."

"எனக்குப் புள்ளயே இல்லீங்களே."

"அப்பறம் எதுக்குப்பா உனக்குக் கரண்ட்டு" என்று மணியக்காரர் சிரித்தார். அங்கே இருந்த இரண்டு பேரும் சிரித்தார்கள். கன்னியப்பனும் மரியாதைக்குச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று எழுத ஆசைதான். எனக்கு ஞாபகம் இல்லை.

கன்னியப்பன் எங்கள் அலுவலகத்துக்கு அமாவாசைக்கு அமாவாசை வருவார். அன்றைக்குத்தான் தறிக்கு ஓய்வு. வெள்ளை வேட்டி, நெற்றியில் திருமண், ஜரிகைக் கட்டு வைக்கிற துணிப்பைக்குள் மனுவின் நகல். சபாபதி சார் அதை இரண்டு தட்டு தட்டிச் சமமாக்கி, "உட்காருங்க" என்பார். "அடிமனைக்காரர் என்ன சொல்றாரு?" என்று கேட்பார். "ஒத்துக்கமாட்டேங்கறாரு சார்" என்பார் கன்னியப்பன். "பேசிப் பாருங்க. நாங்களும் பார்க்கறோம்." இப்படிப் பதினோரு அமாவாசை. ஒவ்வொரு முறையும் போகும்போது கன்னியப்பன் கும்பிட்டுவிட்டுத்தான் போனார். அந்தக் கும்பிடை இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஒன்பதாவது அமாவாசை முடிந்த பிறகு என்று நினைக்கிறேன். எத்திராஜ் வீட்டில் ஃபியூஸ் போய்விட்டது என்று போனேன். ஃபியூஸ் கட்டிவிட்டு நிமிர்ந்தால், அவர் பிளக்கிலிருந்து நூல் உறை போட்ட முறுக்கு வயர் ஒன்று சுவர் மேலே ஏறி, ஓட்டுக்குக் கீழே ஒரு துளை வழியாகக் கிழக்கே போகிறது. எத்திராஜ் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "கண்டுக்காதபா. பாவம், பாவு குடுக்கமாட்டேங்கறாங்க அவங்களுக்கு" என்றார். நான் பக்கத்து வீட்டுக்குப் போனேன்.

கன்னியப்பன் தறியில் இருந்தார். நெற்றிக்கு நேராக ஒரு பழைய பித்தளை ஹோல்டரில் விளக்கு எரிந்தது. அதற்கு ஒரு முழம் தள்ளி, நான் சோதித்துக் கொடுத்த பேக்கலைட் ஹோல்டர் பல்பு இல்லாமல் தொங்கியது. மெயின் சுவிட்சில் என் சீல் அப்படியே இருந்தது. அதை உடைத்து, எத்திராஜின் வயரை உள் வயரிங்கோடு சேர்த்திருந்தால் இவ்வளவு ஆபத்து இருந்திருக்காது. அவர்கள் உடைக்கவில்லை. உடைத்தால் ஜெயில் என்று நான் சொல்லியிருக்கிறேன் அல்லவா, அதனால் சட்டத்துக்குப் பயந்து தனி வயர் இழுத்துக்கொண்டார்கள்.

நாகம்மா அடுக்களை வாசலில் நின்றுகொண்டிருந்தார். முகம் வெளுத்துவிட்டது. நான் அண்ணாந்து பார்த்தேன். வயர் நீளம் போதாமல் நடுவில் ஒட்டுப் போட்டிருந்தார்கள். ஏணி வாங்கி ஏறினேன். எத்திராஜ் வீட்டில் பிளக்கைப் பிடுங்கச் சொல்லிவிட்டு அந்த ஒட்டைக் கையில் எடுத்தேன்.

அந்த வயருக்குள் இருபதுக்கு மேல் மெல்லிய செம்பு இழைகள் இருக்கும். நாங்கள் என்றால் மொத்தமாக முறுக்கி டேப் சுற்றிவிட்டுப் போவோம். இங்கே இந்தப் பக்கத்து ஒவ்வொரு இழையையும் அந்தப் பக்கத்து ஒவ்வொரு இழையோடும் தனித்தனியாகத் திரித்திருந்தது. அதன்மேல் கழிவுப் பட்டு நூலை நெருக்கமாகச் சுற்றி, பாவுக்குப் போடுகிற அரிசிக் கஞ்சியைத் தடவிக் காய வைத்திருந்தது. வயரின் மற்ற இடத்தைவிட ஒட்டு தடிமனாகக்கூட இல்லை.

"யார் போட்டது?"

"நான்தான் சார்" என்றார் நாகம்மா.

இருபத்தைந்து வருடம் கழித்து நான் ஃபோர்மேனாக ஓய்வு பெற்றேன். அதுவரைக்கும் அப்படி இன்னொரு ஒட்டை நான் பார்த்ததில்லை. பட்டும் கஞ்சியும் காய்ந்திருக்கும்வரை சரிதான். ஈரம் பட்டால் இரண்டும் தண்ணீரைக் குடிக்கும், அதன் வழியாக மின்சாரம் கசியும். இது எனக்குத் தெரியும். நாகம்மாவுக்குத் தெரியாது. தெரிந்திருக்க நியாயமும் இல்லை, அவர் கையில் இருந்த பொருட்களிலேயே உசத்தியானதைத்தான் சுற்றியிருந்தார்.

விதிப்படி அந்த வயரை நான் அறுத்து, எத்திராஜ் மேல் எழுதி வைக்க வேண்டும். அறுத்தால் இரண்டு தறி நின்றுவிடும். என் பையில் பாதிச் சுருள் ரப்பர் டேப் இருந்தது. அதைச் சுற்றிக் கொடுத்தால், திருட்டு இணைப்புக்கு நானே துணை போனேன் என்று என் வேலை போய்விடும். அறுக்கவும் மனசு வரவில்லை, சுற்றவும் தைரியம் வரவில்லை. ஏணியிலிருந்து இறங்கினேன். நாகம்மாவின் பயத்தைப் பார்க்கச் சகிக்காமல், ஏதாவது நல்ல வார்த்தை சொல்ல வேண்டுமே என்று, "நல்லா போட்டிருக்கீங்கம்மா. எங்க ஆபீஸ்ல ஒருத்தனுக்கும் இப்படி வராது" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

இரண்டு மாதம் போனது. ஐப்பசி மழை மூன்றாம் நாள், பிற்பகல் இரண்டரை மணிக்கு, ஆளைக் கூப்பிட்டு வரச் சொல்லி எத்திராஜ் மகள் அலுவலகத்துக்கு ஓடி வந்தாள். நான் போய்ச் சேர்ந்தபோது கன்னியப்பனைக் குழியிலிருந்து தூக்கிக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். உள்ளங்கையில் பித்தளை ஹோல்டரின் விளிம்பு வட்டமாகப் பதிந்திருந்தது. ஓடு ஒழுகி, ஒட்டு நனைந்து, நூல் உறையோடு தண்ணீர் ஹோல்டர் வரைக்கும் இறங்கியிருந்தது. குழிக்குள் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர். வெளிச்சம் போதவில்லை என்று விளக்கைக் கொஞ்சம் தாழ்த்தக் கையை நீட்டியிருக்கிறார்.

எத்திராஜ் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அழுதுகொண்டே பேசினார். "முன்னெல்லாம் மோடம் போட்டாலே நான் பிளக்க புடுங்கிடுவேன்பா. மழ விட்டு, எல்லாம் காஞ்சப்பறம்தான் குடுப்பேன். நீ வந்து பாத்துட்டு நல்லாருக்குதுன்னு சொன்னியாம் இல்ல. கரண்ட்டு ஆபீஸ் ஆளே சொல்ட்டாரு, இனிமே பயமில்லன்னு விட்டுட்டோம்."

இத்தனை வருடத்தில் நான் மேலதிகாரிகள் மேல், மணியக்காரர் மேல், சர்க்கார் மேல் எல்லாம் கோபப்பட்டிருக்கிறேன். இன்னமும் படுகிறேன், அது எனக்குக் குறையாது. ஆனால் அந்தக் கூடத்தில் நின்றபோது வந்த கோபம் வேறு. அதை யார் மேல் காட்டுவது என்றுகூடக் குழப்பம் இல்லை.

மேலிடத்திலிருந்து ஒரு அதிகாரி விசாரணைக்கு வந்தார். கன்னியப்பனின் மனுவைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அடிமனைக்காரர் சம்மதிக்கலன்னா குடியிருக்கறவர் கிட்ட உறுதிமொழிப் பத்திரம் எழுதி வாங்கிக்கிட்டு இணைப்பு குடுக்கலாமே. சுற்றறிக்கை வந்திருக்கணுமே" என்றார். எழுத்தர் அலமாரியைத் திறந்து, இரண்டே நிமிடத்தில் எடுத்துக் கொடுத்தார். பின்னால் ஏதாவது வழக்கு வந்தால் தானே பொறுப்பு என்று குடியிருப்பவர் எழுதிக் கொடுத்தால் போதும், மனைக்காரர் கையெழுத்து வேண்டாம். ஓரத்தில் சபாபதி சார் படித்துப் பார்த்ததற்கு அடையாளமாக நீலப் பென்சிலில் கையெழுத்தும் தேதியும் இருந்தன. அந்தத் தேதி கன்னியப்பன் மனுக் கொடுத்த நாளுக்கு முந்தையது.

நான் சபாபதி சாரைப் பார்த்தேன். அவர் தயங்கவே இல்லை. "எழுதி வாங்கிக் குடுக்கலாம்னுதான் போட்டிருக்குது. குடுத்தே ஆகணும்னு இல்ல. வில்லங்கம் வந்தா யார் பதில் சொல்றது?" என்று அதே தணிந்த குரலில் சொன்னார். கன்னியப்பனுக்கு யார் பதில் சொல்வது என்று அந்த அதிகாரியும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

என் வாக்குமூலத்தை மூன்று பக்கம் எழுதினேன். மனு எத்தனை மாதம் கிடந்தது என்று ஒரு பத்தி. ஒட்டை நான் முன்பே பார்த்தேன், அறுக்காமல் நல்ல வார்த்தை சொல்லிவிட்டு வந்தேன் என்று ஒரு பத்தி. சபாபதி சார் வாங்கி, இரண்டு தட்டு தட்டி, கடைசிப் பக்கத்திலிருந்து படித்தார். இரண்டு இடத்தில் நீலக் கோடு போட்டார்.

"தணிகாசலம், ஒட்டப் பத்தி எழுதியிருக்கீங்களே, இது மேல போனா உங்க வேலை போயிடும். எனக்கு அதுல விருப்பமில்ல. இந்தப் பத்தியும் அந்த மனுவப் பத்தின பத்தியும் சேர்ந்து நிக்குது. எடுத்தா ரெண்டையும் சேர்த்துத்தான் எடுக்கணும். யோசிச்சு எழுதிக் குடுங்க" என்று தாளைத் திருப்பித் தந்தார். மிரட்டவில்லை. உண்மையாகவே என் மேல் அக்கறையாகச் சொன்னார் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அதனால்தான் எரிச்சல் அதிகம்.

எனக்கு அப்போது கைக்குழந்தை. தாமலில் இரண்டு வருடமாக ஏரி நிரம்பவில்லை. மூன்று பக்கம் ஒரு பக்கமாகச் சுருங்கியது. அனுமதியில்லாத நீட்டிப்பு, உபயோகிப்பவரின் கவனக்குறைவு என்று அறிக்கை போனது. இரக்கப்பட்ட எத்திராஜின் இணைப்பை ஐந்து மாதம் துண்டித்து வைத்தார்கள். துண்டிக்கப் போன ஆள் நான். சபாபதி சார் பதவி உயர்வில் வேறு ஊருக்குப் போனார். என் பணிப் பதிவேட்டில் ஒரு கறை கிடையாது. ஓய்வு பெற்ற அன்று மேடையில் அதைச் சொல்லித்தான் எனக்குச் சால்வை போர்த்தினார்கள்.

மலரில் போடப்போகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். அந்த ஒரு பக்க வாக்குமூலத்தில் பொய் என்று ஒரு வரியும் இல்லை. எல்லாம் நடந்ததுதான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த வாரத்தில் கன்னியப்பன் வீட்டுக்கு இணைப்புக் கொடுக்க உத்தரவு வந்தது. விசாரணை நடந்த வீடு என்பதால் மேலிடத்தில் அவசரப்பட்டார்கள். விண்ணப்பதாரர் உயிரோடு இல்லாததால் மனைவி பெயரில் புது மனு, கூடவே உறுதிமொழிப் பத்திரம். மனு காலையில் வந்தது. மத்தியானம் நான் மீட்டரோடு போனேன். கம்பத்திலிருந்து கம்பி இழுத்துக் கட்ட முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை. மெயின் சுவிட்சில் நான் வைத்திருந்த சீலை நானே அறுத்தேன். இரண்டாவது தறியில் உட்கார்ந்திருந்த நாகம்மாவின் தம்பி எழுந்து, என்னைப் பார்க்காமல் வெளியே போனார்.

பத்திரத்தை நீட்டினேன். நாகம்மா வாங்கி, சுவரில் வைத்து, நிறுத்தி நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். கோணல் இல்லாத எழுத்து. பிறகு கேட்டார்:

"அடிமனைக்காரரு ஒத்துக்கினாரா சார்?"

"இல்லம்மா. அவரு ஒத்துக்கத் தேவையில்லயாம். குடியிருக்கறவங்க கையெழுத்து இருந்தா போதுமாம்."

"யாரு கையெழுத்து?"

"உங்களுதுதாம்மா. இப்பப் போட்டீங்களே, அதுதான்."

அவர் அந்தத் தாளை உடனே திருப்பித் தரவில்லை. மை காய்கிறவரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தார். அழவில்லை, குரலும் மாறவில்லை.

"இந்தக் கையெழுத்து எனக்குப் போன வருசமும் போடத் தெரியும் சார்" என்றார்.